எல்லைக்கோட்டில் ஒரு பழைய கொலை: ஆவிக் காதல் நாவலுக்கு எந்த ஊரைத் தேர்வது?

ஆவி, காதல், பல்லாண்டு முன்பு நடந்து துலங்காமல் போன கொலை. இந்த மூன்றையும் ஒரே நாவலில் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஆவியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். செத்தவள் யார், எப்படித் தோன்றுவாள், கொலுசுச் சத்தமா தாழம்பூ வாசனையா என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே முடிவாகிவிடும். பதினைந்தாம் அத்தியாயம் வரும்போது கதை படுத்துவிடும். காரணம் ஒன்றுதான். அந்தக் கொலையை அன்றைக்கே ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்ற கேள்விக்கு எழுதுபவரிடம் பதில் இல்லை. போலீஸ் பணம் வாங்கிவிட்டது என்று எழுதினால் அது பதில் ஆகாது. எல்லாக் கதைக்கும் பொருந்துகிற காரணம் எந்தக் கதைக்கும் உதவாது.

எல்லைப்புற ஊர்களில் இந்தக் கேள்விக்கு நிலமே பதில் வைத்திருக்கிறது. சனங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்கள் தலைக்கு மேல் அரசு மாறியது. சட்டம், நாணயம், தபால், பத்திரம் எழுதும் மொழி எல்லாம் மாறின. ஒரு குற்றம் அந்த மாற்றத்தின் இடுக்கில் விழுந்துபோவது இயல்பாகவே நம்பும்படி இருக்கும். ஆகவே எந்த ஊரில் கதை நடக்கிறது என்பதை வெறும் காட்சி அழகாக நினைக்க வேண்டாம். கொலை ஏன் மறைந்தது, ஆவி எப்படிப்பட்டது, காதலுக்கு எது குறுக்கே நிற்கிறது ஆகிய மூன்றும் ஊரோடு சேர்ந்தே வருகின்றன.

கேரள, ஆந்திர எல்லைகளில் தமிழர் வாழும் நான்கு வட்டாரங்களை இங்கே எடைபோடலாம்: மூணாறு மலை, செங்கோட்டை–ஆரியங்காவு, பழைய தென் திருவிதாங்கூரான குமரி, திருத்தணி–நகரி–புத்தூர். சுமார் 60,000 சொல்லில், அத்தியாயத்துக்கு 1,300 முதல் 1,500 சொல் வீதம் நாற்பது சொச்சம் அத்தியாயங்களாகத் தொடர் எழுதும் ஒருவரை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீடு.

முதலில் வயதுக் கணக்கு

ஊரைப் பார்க்கும் முன் ஒரு தாளில் இதைப் போட்டுவிடுங்கள். கொலை நடந்த ஆண்டில் கொலையாளிக்கு 25 வயது என்று வைத்தால், கதை நடக்கும் ஆண்டில் அவருக்கு என்ன வயது? 80 தாண்டினால் அவரால் நாயகியைத் துரத்தவோ, ஆவணத்தை எரிக்கவோ, வாயை அடைக்கவோ முடியாது. விறுவிறுப்பு போய்விடும். பிறகு அவருடைய மகனையோ பேரனையோ கெட்டவனாக்க வேண்டி வரும். பாட்டனின் குற்றத்துக்காகப் பேரன் ஏன் இன்னொரு கொலை செய்வான் என்று வாசகர் கேட்பார். சொத்து போகும், மானம் போகும் என்பதற்கு மேல் பதில் கிடைக்காது.

கொலையாளிக்கு 60 முதல் 70 வயது இருப்பதே நல்ல அளவு. வீட்டில் அவர் சொல்தான் சட்டம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவரும் அவரே. அன்பானவராகவும் இருக்கலாம், இருக்க வேண்டும். கதையை இன்றைக்கே நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 1990களில் வைத்தால் கைப்பேசித் தொல்லை இல்லை, எஸ்டிடி பூத் உண்டு, சாட்சி சொல்ல ஆள் உயிரோடு உண்டு.

மூணாறு: வெள்ளம் மூடிய கொலை

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தைக் கேரளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்றே சொல்கிறார்கள்; கேரளத்தின் பழைய ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் அது 1099. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன குண்டளைப் பள்ளத்தாக்குச் சிறு ரயில்பாதை அந்த வெள்ளத்தில் அழிந்தது. பிறகு அதை மீட்கவே இல்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப் பாதையில் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களும், அவர்களை மேய்த்த கங்காணியும் தமிழர்கள். கங்காணியின் கணக்கில் ஒருத்தியின் பெயருக்கு நேரே வெள்ளத்தில் போனாள் என்று எழுதிவிட்டால் முடிந்தது. உடல் இல்லை, விசாரணை இல்லை. கொலை மறைந்த காரணம் என்று பார்த்தால் நான்கில் இதுவே மிக எளிமையானது, மிகக் கொடியதும்கூட.

ஆனாலும் முதல் நாவலுக்கு இது வேண்டாம். 1924ஐ அறிந்தவர் சாட்சி சொல்ல வேண்டுமானால் கதையை 1970களுக்கு இந்தப்புறம் கொண்டுவர முடியாது. இன்னொன்று, பலர் மாண்ட வெள்ளத்தில் ஒருத்தி மட்டும் ஏன் ஆவியாக வந்தாள் என்ற கேள்விக்கு மனசாட்சியுள்ள பதில் சொல்ல வேண்டும். மற்ற சாவுகள் பின்னணி ஓவியமாகிவிட்டால் நாவல் கூசிப்போகும். காதலை ஓரமாக வைத்துவிட்டு லயத்து மக்களின் வரலாற்றை எழுதத் துணிபவருக்கே இந்தக் களம் சரி.

செங்கோட்டை–ஆரியங்காவு: துப்புப் பிரியர்களுக்கு

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை நம்மோடு இல்லை. 1949 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி. கிழக்கே சுமார் எட்டு கிலோமீட்டரில் தென்காசியோ பிரிட்டிஷ் இந்தியாவின் திருநெல்வேலி ஜில்லா. 1904இல் வந்த மீட்டர் கேஜ் ரயில் இரண்டு ஆட்சிகளையும் தைத்துக்கொண்டு ஓடியது.

இங்கே துப்புக்கு உதவும் பொருள்கள் கொட்டிக் கிடக்கின்றன. திருவிதாங்கூரில் 1944இல் தூக்குத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் 1951இல்தான் அங்கே வந்தது. அப்படியானால் 1947இல் ஒருவன் தென்காசிப் பக்கம் கொன்றால் கயிறு, செங்கோட்டைப் பக்கம் கொன்றால் சிறை. உடலை எட்டு கிலோமீட்டர் மேற்கே நகர்த்த இதைவிட வலுவான காரணம் எந்தக் கொலையாளிக்கும் தேவையில்லை. கொலை நடந்த இடம் எது என்பதே புதிராகிவிடுகிறது.

கடிதமும் அப்படித்தான். திருவிதாங்கூருக்குள் சங்கு முத்திரை போட்ட அஞ்சல் தனியாக ஓடியது, 1951இல் இந்தியத் தபாலோடு சேரும்வரை. தென்காசிக்கு எழுதினால் பிரிட்டிஷ் தபால்தலை வேண்டும். செத்தவளின் காதல் கடிதம் என்று எல்லோரும் நம்பிய உறையில் சங்கு முத்திரை இருந்தால், அது தென்காசிக்காரனுக்கு எழுதியதாக இருக்க முடியாது. ஒரு தபால்தலையில் பழைய சந்தேக நபர் விடுபட்டு, உள்ளூர் ஆள் ஒருவன் மேல் பார்வை திரும்புகிறது. காசும் வேறு: பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். பெட்டிக்கடைக் கணக்கு நோட்டில் சக்கரத்தில் எழுதிய கடனும் ரூபாய்–அணாவில் எழுதிய வரவும் கலந்து வந்தாலே அந்த ஊர் உயிரோடு நின்றுவிடும்.

தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். கொல்லம் ஆண்டோடு கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டக் கூடாது. ஆண்டின் முதல் மாதமான சிங்கம் பிறக்கும் ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை 825. 1956 நவம்பர் 1 என்பது கொல்லம் 1132 துலாம் மாதம். இந்த ஓராண்டுப் பிசகையே துப்பாகவும் வைக்கலாம்: மனு எழுதிய ஆண்டைத் தப்பாகக் கணித்ததால்தான் சந்தேக நபர் அன்று ஊரிலேயே இல்லை என்று நம்பிவிட்டார்கள் என்று.

குறை எங்கே என்றால் காதலில். ரயில்பாதைக் கதையில் ஆட்கள் வந்து போகிறவர்கள். இருவரை ஒரே இடத்தில் தங்கவைக்க நீங்கள் மெனக்கெட வேண்டும். ஆரியங்காவு சாஸ்தாவை மணக்க நின்ற மதுரைச் சௌராஷ்டிரப் பெண்ணின் ஐதீகமும், ஆண்டுதோறும் அங்கே நடக்கும் திருக்கல்யாணமும் ஒரு பிடிமானம் தரும். ரயில் குகைக்குள் வெள்ளைச் சேலை என்ற பழைய வித்தையை விட்டுவிடுங்கள். புனலூர்–செங்கோட்டை மீட்டர் கேஜ் 2010இல் நின்றது. அகலப்பாதை 2018இல் முழுதாகத் திறந்தது. இடையில் சில காலம் தண்டவாளமே இல்லாத தடத்தில் நடுராத்திரி வண்டிச் சத்தம் கேட்டது என்று வைத்தால் அதுவே போதும். ஆனால் 2014இல் கதையை வைத்தால் 1947 கொலையாளிக்கு 92 வயது. மேலே சொன்ன கணக்கை மறக்க வேண்டாம்.

குமரி: ஆவி தெய்வமாகிவிடும் ஊர்

ஆவிக் கதை என்றதும் எல்லோரும் குமரிக்குத்தான் ஓடுகிறார்கள். முப்பந்தல் இசக்கி, கள்ளியங்காட்டு நீலி, பனையிலும் பாலை மரத்திலும் குடியிருந்து சுண்ணாம்பு கேட்கும் யட்சி. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. இத்தனை இருக்கும்போது என்ன குறை என்று தோன்றும்.

இந்த வகை நாவலுக்கான குறை ஆழமானது. குமரியில் வெட்டுப்பட்டுச் செத்தவர் ஆவியாகவே நின்றுவிடுவதில்லை; பீடம் போட்டுத் தெய்வமாக்கிவிடுவார்கள். கொடை என்னும் கோவில் விழா நடக்கும். குடியழைப்பு, மஞ்சணை, படைப்பு எல்லாம் உண்டு. வில்லுப்பாட்டில் அவள் பிறந்தது, வளர்ந்தது, யார் ஏமாற்றினார், எந்த இடத்தில் வெட்டினார் என்று சாமத்தில் பாடுவார்கள். பாட்டு அவள் சாகும் இடத்தை எட்டும்போது சாமியாடிக்கு அருள் வரும். அதாவது கொலையாளியின் பெயர் ஊருக்கே மனப்பாடம். துலங்காத கொலை என்ற உங்கள் அடித்தளமே அங்கே இல்லை. இதை அறியாமல், பீடம் இருக்கும் ஊரில் நாயகி முதன்முதலாக உண்மையைக் கண்டுபிடிப்பதாக எழுதினால் கல்குளத்து வாசகர் இரண்டாம் அத்தியாயத்திலேயே மூடிவைத்துவிடுவார். தவிர, இசக்கியானவளை இன்னொரு பெண்ணின் காதலுக்குத் தூதாக்குவது பக்தி உள்ளவர்களைப் புண்படுத்தும்.

வழி இல்லாமல் இல்லை. பாட்டையே பொய்யாக்குங்கள். கொடைக்குச் செலவு செய்த குடும்பம் ஒன்று, மூன்று தலைமுறைக்கு முன் பாட்டில் கொலையாளியின் பெயரை மாற்றச் சொல்லியிருக்கிறது. இப்போது ஒரே தெய்வத்தின் கதையை இரண்டு வில்லுப்பாட்டுக் குழுக்கள் பாடுகின்றன. ஒரு குழுவில் வெட்டியவன் வேலைக்காரன். பக்கத்து ஊர்க் குழுவின் ஏட்டில் மருமகன், அதாவது சகோதரி மகன். நாயகன் குடம் அடிப்பவராகவோ இடத்தே, அதாவது வில்லுக்கு இடப்பக்கம் இருந்து, பாடுபவராகவோ இருந்தால் காதலும் துப்பும் ஒரே பந்தலுக்குள் வந்துவிடும்.

காரணத்துக்கும் பஞ்சம் இல்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து சகோதரி மக்களுக்குப் போன மருமக்கள்வழி, 1926இல் வந்த திருவிதாங்கூர்ச் சட்டத்தால் மாறத் தொடங்கியது. அதுவரை மனைவி மக்களுக்குக் கிடைத்தது உகந்துடைமை என்ற சிறு பங்குதான். மாமனின் சொத்து வரும் என்று முப்பது வயதுவரை காத்திருந்த மருமகனுக்கு, மாமன் மகளோ மனைவியோ ஒரே ஆண்டில் எதிரியாகிவிடுகிறாள். மறைந்த கொலைக்கு இதைவிடத் திடமான காரணம் நான்கு வட்டாரத்திலும் இல்லை. ஆனால் 1926 என்பதால் உயிரோடு இருக்கும் கொலையாளியை விட்டுவிட வேண்டும். பாட்டும் ஏடும் பத்திரமும்தான் சாட்சிகள். பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். பேச்சு வழக்கிலும் எச்சரிக்கை வேண்டும்: நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு வேறு, விளவங்கோட்டுப் பேச்சு வேறு. இரண்டையும் கலந்து ஒரே ஆள் வாயில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். அந்த மண்ணில் வளராதவர்கள் உரையாடலைக் குறைத்துக்கொள்வது நல்லது.

திருத்தணி–நகரி–புத்தூர்: என் வாக்கு இதற்குத்தான்

இந்தப் பக்கத்தை ஆவிக் கதைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதே குறைவு. அதிசயம் என்னவென்றால், தமிழின் மிகப் பழைய பழிவாங்கும் பெண்ணாவி இங்கே பிறந்தவள்தான். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி, முற்பிறப்பில் தன்னைக் கொன்ற கணவனைத் தேடி வருகிறாள். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊரார் முன் வழக்காடுகிறாள். எழுபது வேளாளர் அவன் உயிருக்குப் பிணை நின்று, அவன் கைவாளை வாங்கி வைத்துவிட்டு அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்கிறார்கள். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதன் குறிப்பு உண்டு. தெற்கே கள்ளியங்காட்டில் பாடும் நீலியும் இவளுடைய உறவுதான். ஆவி சொன்னதை ஊர் நம்பியதால் வந்த வினை என்பதே இக்கதையின் உயிர். உங்கள் நாவலுக்கும் அந்த நியாயம் பொருந்தும்: ஆவி சொன்னாலும் மனிதர்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

எல்லை இங்கே மாறிய நாள் 1960 ஏப்ரல் 1. அதற்கு முதல்நாள்வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவில். மறுநாள் சென்னை மாநிலத்தில். நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயன் அது. ரயிலில் திருத்தணியை அடுத்துச் சில ஸ்டேஷன்களில் நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பம், பிறகு புத்தூர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கோட்டைப் பார்த்து நடக்கவில்லை. நகரியில் பிறந்து திருத்தணிப் பக்கத்துக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்ட ஒருத்தி 1960 மார்ச் கடைசியில் செத்தால், அவள் தகப்பன் தெலுங்கில் எழுதிய மனு ஒரு மாநிலத்தில், மருமகன் வீடு இன்னொரு மாநிலத்தில். வழக்கு ஏன் நகரவில்லை என்று விளக்க ஒரு பத்தி போதும். லஞ்சம் வாங்கிய அதிகாரி தேவையே இல்லை. கதை 1998இல் நடந்தால், அன்று 25 வயதுக்காரருக்கு 63.

ஆவிக்கு வருவோம். வடமாவட்டத்துப் பூவாடைக்காரியே இந்த வகை நாவலுக்காகப் பிறந்தவள் போல இருக்கிறாள். சுமங்கலியாகச் செத்தவளை வீட்டுத் தெய்வமாக வணங்கி, கல்யாணம் வைத்தால் முதலில் அவளை அழைத்துப் பொங்கலிடுவது வழக்கம். புதுச்சேலை, மஞ்சள், குங்குமம், வளையல், பூ. கிணற்றடியிலோ ஏரிக்கரையிலோ கரகம் சோடித்து, பம்பை மேளம் வாசிக்கும் பம்பைக்காரர் அடித்துப் பாடி அழைத்து, வீட்டுக்குள் கொண்டுவருவார்கள். யார் மேலாவது வந்து இறங்கி, குறை என்ன என்று சொல்வாள். குமரி இசக்கியைப் போல ஊருக்குப் பொதுவானவள் அல்ல. இந்த வீட்டுக்கு மட்டும் உரியவள், நடுவீட்டில் இருப்பவள், கல்யாணத்துக்கு ஆசி கொடுப்பவள். காதலும் ஆவியும் இங்கே இயல்பாகவே ஒரே முற்றத்தில் நிற்கின்றன.

இனி அந்தப் பொங்கலை இப்படி நினைத்துப் பாருங்கள். பங்குனி மாதம், பேத்திக்கு ஆவணியில் கல்யாணம் என்று தாத்தா நிச்சயம் பண்ணியாகிவிட்டது. அவள் மனம் நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் வீட்டுப் பையன்மேல். கரகம் வீட்டுக்குள் வந்துவிட்டது. தாத்தாவின் முதல் மனைவி, காய்ச்சலில் செத்ததாக எல்லோரும் அறிந்தவள், அத்தையின் மேல் இறங்குகிறாள். என்ன வேணும் தாயே என்று பம்பைக்காரர் கேட்கிறார். பட்டு காட்டுகிறார்கள், வேண்டாம் என்கிறாள். வளையல் நீட்டுகிறார்கள். இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "கை நோவுது, இந்தக் கட்ட அவுருங்க" என்கிறாள். எந்தக் கட்டு என்று யாருக்கும் தெரியவில்லை. தாத்தா மட்டும் திண்ணையிலிருந்து எழுந்து போகிறார்.

ஆவி நாவல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச வேண்டியதில்லை. மற்றதெல்லாம் மனிதர்கள் தேடி எடுப்பது. கட்டு என்றால் புத்தூர்க் கட்டு. எலும்பு முறிந்தால் இந்தச் சுற்றுவட்டாரமே புத்தூருக்குத்தான் போகும்: பச்சிலை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணிச்சுற்று. அந்த நாளில் யார் வந்தார், எந்தக் கை என்று பதிவு நோட்டு எதுவும் கிடைக்க வேண்டாம். தேடிப் போகிற இருவருக்கும் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்த ஏமாற்றமும் ஒரு அத்தியாயத்துக்கு ஆகும், ஏனென்றால் இருவரும் முதன்முதலாக ஒரு நாள் முழுவதும் சேர்ந்திருந்தது அன்றுதான்.

அக்னி நட்சத்திரத்தில் கிணறு தூர்வாரும்போது எலும்பு வரட்டும். இடது முன்கை எலும்பில் முறிவு கூடத் தொடங்கிய அடையாளம்; சேற்றில் சில மூங்கில் தப்பைத் துண்டுகள். காற்று புகாத ஈரச் சேற்றில் மூங்கில் பல்லாண்டு தாங்கும். முறிந்தது பல வாரம் முன்பு, முழுதாகக் கூடும் முன்பே சாவு என்று மருத்துவர் சொல்லலாம். இத்தனையாவது நாள் என்று சொல்ல முடியாது, அப்படி எழுதவும் கூடாது. எரித்தோம் என்று முப்பத்தெட்டு ஆண்டு சொல்லிவந்த குடும்பத்தின் கிணற்றில் எலும்பு கிடப்பதே போதுமான இடி. அவள்தான் என்பதற்குத் தாய்வழி டிஎன்ஏ வேண்டும். அது அவள் தம்பியிடம் கிடைக்கும், தம்பி மகனிடம் கிடைக்காது. ஆகவே நகரி வீட்டில் தம்பியை, அதாவது நாயகனின் தாத்தாவை, உயிரோடு வையுங்கள். அந்த வீட்டோடு இனி சம்பந்தமே வேண்டாம் என்று நிற்பவரும் அவரே. பெண்ணைக் கொடுத்து இழந்த வீட்டின் கோபம் காதலுக்குத் தடையாக நிற்கும். மாப்பிள்ளை ஏழை, சாதி வேறு என்பவற்றைவிட இந்தத் தடை கதையோடு இறுக ஒட்டியது. நாயகி இரண்டாம் மனைவியின் பேத்தி என்பதால் இருவருக்கும் ரத்த உறவு இல்லை; இதை நான்காம் அத்தியாயத்துக்குள் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மேற்கு மலையடிவாரத்தில் இந்த எலும்புக் கதை நம்பும்படி அமையாது. அங்கே அமிலத்தன்மையுள்ள செம்மண்ணும் ஆறு மாத மழையும் எலும்பைக் கரைத்துவிடும். எலும்பு வேண்டுமானால் வடக்கே, காகிதம் வேண்டுமானால் செங்கோட்டை, பாட்டு வேண்டுமானால் குமரி.

கிணறு எந்த மாநிலத்தில் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுப்பார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆம் பிரிவில் சந்தேக மரணம் என்று பதிவாகும். நகரிப் பக்கம் என்றால் கோப்பு தெலுங்கில் ஓடும், சந்தேக நபரோ தமிழ்நாட்டில் இருப்பார். விறுவிறுப்பு கூடும், உங்கள் வேலையும் கூடும். கொலைக்குக் காலவரம்பு கிடையாது. 38 ஆண்டு கழித்தும் கைது செய்யலாம். இதை அறியாமல், வழக்கு காலாவதி ஆகிவிட்டது என்று வக்கீல் பாத்திரம் சொல்வதாக எழுதுகிறார்கள், அது தவறு. கதையை இன்றைக்குக் கொண்டுவந்தால் 2024 ஜூலை 1க்குப் பின் நடைமுறை புதுச் சட்டத்தில், 174க்குப் பதில் 194. ஆனால் 1960இல் செய்த கொலைக்குத் தண்டனை பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 302இன் கீழ்தான்.

ஆவியை அடக்கி வைப்பது

எந்த ஊரைத் தேர்ந்தாலும் ஆவிக்கு மூன்று கட்டுப்பாடு வேண்டும்: எங்கே வரும், எப்போது வரும், எதைச் செய்ய முடியாது. மூன்றாவதுதான் முக்கியம். எல்லாம் தெரிந்த ஆவி இருந்தால் நாயகிக்கு வேலை இல்லை. பூவாடைக்காரி அழைத்தால்தான் வருவாள், வீட்டுக்குள்தான் வருவாள், தன்னைக் கொன்றவன் பெயரைச் சொல்ல மாட்டாள். ஏன் சொல்ல மாட்டாள் என்பதற்கும் விடை வையுங்கள். அவர் அவளுக்குத் தாலி கட்டியவர், அந்த வீட்டின் தெய்வமாக அவள் ஆண்டாண்டு ஏற்ற பொங்கல் அவர் கையால் வந்தது. இந்தச் சிக்கலைத் தொடாமல் விட்டால் நாவலின் பாதி வலிமை போய்விடும்.

அடிக்கடி நடக்கிற இன்னொரு பிழை, கடைசியில் ஆவியே கொலையாளியைக் கிணற்றில் தள்ளிவிடுவது. அது நடந்தால் அதுவரை இருவரும் தேடியது வீண். நாயகன் ஆவியின் பழைய காதலனின் மறுபிறவி என்று வைப்பதும் அப்படியே. நாயகியை யாருக்கோ மாற்றாள் ஆக்கிவிடும்.

அளவு ஏறத்தாழ இப்படி அமையலாம். முதல் 3,000 சொல்லுக்குள் இருவரும் சந்தித்துவிட வேண்டும். 8,000க்குள் பொங்கல். 20,000ஐ ஒட்டி எலும்பு. 30,000இல் தப்பான ஆள்மேல் சந்தேகம் வலுக்கட்டும். அந்த ஆள் நகரி வீட்டைச் சேர்ந்தவராக இருந்தால் காதலும் அங்கேயே உடையும். 45,000இல் தகப்பனின் தெலுங்கு மனு கிடைக்கட்டும். நாயகிக்குத் தெலுங்கு படிக்க வராது, நாயகனுக்கு வரும். அவன் வரிவரியாகப் படித்துச் சொல்கிறான், தன் தாத்தாவின் அக்காவைப் பற்றி, அவள் தாத்தாவைப் பற்றி. எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. காதல் காட்சி என்று தனியே ஒன்று எழுதத் தேவையில்லை, இதுதான் அது.

கைது 54,000க்கு முன் நடந்துவிட வேண்டும். மீதியுள்ள நான்கு அத்தியாயமும் இரண்டு வீடுகளுக்கு உரியவை: பேத்தி தாத்தாவைச் சிறையில் பார்க்கப் போவாளா, நகரித் தாத்தா தன் அக்காவின் எலும்பை எந்தப் பக்கம் எரிப்பார், அடுத்த பொங்கலை எந்த வீடு வைக்கும். இவற்றை இரண்டே பத்தியில் முடித்துக் கல்யாணத்துக்கு ஓடுகிற தொடர்களைத்தான் வாசகர்கள் பின்னூட்டத்தில் திட்டுகிறார்கள், நியாயமாகவே.